சான்று இல்லாத தும்பிகள்

கொக்குவில்
2024 செப்டெம்பர் 2

'கப்பற்காரன்' என்ற பெயரில் எழுதும் கோகுலன் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் தயாளினி. எங்கள் பொதுக்கேணியில் 'பச்சைமிளகாய்' என்ற பெயரோடு கட்டுரைகளுக்குத் தரம் இடுகிறவள் நான்தான். எவரும் எழுதலாம், எவரும் திருத்தலாம் என்று ஓர் இணையக் கலைக்களஞ்சியத்தைத் திறந்து வைத்தால், எது தேறும் எது தேறாது என்று பார்க்கவும் ஆள் வேண்டுமே. அந்தப் பாவம் என் தலையில் விழுந்திருக்கிறது. பகலில் யாழ்ப்பாணம் பட்டினத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை.

கட்டுரையைத் தரப்படுத்தலுக்கு முன்வைத்த கையோடு நீங்கள் கப்பலேறிவிட்டதாக உங்கள் மனைவி பிரசாந்தி, கட்டுரைக்குப் பின்னால் கருத்து எழுதும் பேச்சுப் பக்கத்தில் எழுதியிருந்தார். கப்பலில் இணையப் பக்கம் திறக்காது, வெறும் எழுத்து மின்னஞ்சல்தான் வந்து சேரும் என்று இந்த முகவரியையும் தந்தார். ஆகவே முடிவைக் கடிதமாக எழுதுகிறேன்.

குறுங்கட்டுரை, வளரும் கட்டுரை, நல்ல கட்டுரை, முதன்மைக் கட்டுரை என்று எங்களிடம் நாலு படி. 'தும்பிகளின் கடல்கடப்பு' கட்டுரைக்கு நீங்கள் மூன்றாம் படியைக் கேட்டிருந்தீர்கள். நான் 'வளரும் கட்டுரை' என்று இட்டிருக்கிறேன். உங்கள் தமிழில் குறை இல்லை, ஆசையாக வாசித்தேன். ஆனால், "கடந்த கார்த்திகையில் மாலைதீவுக்கு மேற்கே நடுக்கடலில், ஒரு சரக்குக் கப்பலின் மேற்றளத்தில் ஆயிரக்கணக்கான தும்பிகள் வந்து இறங்கின" என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. அதற்கான சான்று என்ற இடத்தில் "நானே கண்டேன்" என்று போட்டிருக்கிறீர்கள். அப்படி ஓர் அடிக்குறிப்பை நான் இதுவரை கண்டதில்லை. சிரித்துவிட்டேன், மன்னிக்க வேண்டும். வாக்கியத்தை எடுத்துவிட்டேன்.

அச்சில் வந்த ஆதாரம் ஏதும் உங்களிடம் இருந்தால் சொல்லுங்கள்.

இப்படிக்கு
தயாளினி


வங்காள விரிகுடா
2024 செப்டெம்பர் 8

தயாளினி அவர்களுக்கு,

சிரித்ததற்கு மன்னிப்பு எதற்கு? ஊரில் சிரிக்காதவர்கள் யாரும் மிச்சமில்லை. நீங்களும் ஒருத்தர் கூடினால் என்ன குறைந்துவிடும்?

நான் வல்வெட்டித்துறை. கப்பலில் மூன்றாம் பொறியியலாளர். போன கார்த்திகையில் கண்டதை, லீவில் போனபோது ஒரு கலியாண வீட்டுப் பந்தியில் இருந்து சொன்னேன். என் மனைவியின் தமையன் சயந்தன் சோற்றில் கையை வைத்தபடியே கேட்டான்: "மச்சான், உவ்வளவு தும்பியும் ரிக்கெற் எடுத்தே உன்ரை கப்பலுக்கு வந்தது?" பந்தி முழுக்கச் சிரிப்பு. கைபேசியில் எடுத்த படத்தைக் காட்டினேன். கம்பியில் நாலு தும்பி இருக்கிறது, கடல் படத்தில் விழவில்லை. "உது எங்கடை வீட்டுக் கோடி வேலியெல்லே?" என்றான். பாயசம் வருவதற்குள் எனக்குத் 'தும்பிப் புளுகன்' என்று பட்டம் தெளித்தாயிற்று.

கொக்குவிலில் எப்படியோ தெரியாது, எங்கள் பக்கத்தில் பட்டம் தெளித்தால் அது ஆளோடு போகாது. பிள்ளைக்குப் போகும், பேரப்பிள்ளைக்குப் போகும். ஒரு வீட்டுக்காரரை இன்றைக்கும் 'சாம்பாறு' என்றுதான் சொல்வார்கள். எந்தச் சாம்பாறு, யார் குடித்தது என்று ஒருவருக்கும் தெரியாது. என் மகள் லவீனாவுக்கு ஒன்பது வயது. அவளைப் பள்ளிக்கூடத்தில் 'தும்பிப் புளுகன்ரை மகள்' என்கிறார்கள். நான் வெளிக்கிட்ட அன்று என் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, மெய்யாத்தான் கண்டனீங்களோ?" என்று கேட்டாள். "ஓம் பிள்ளை" என்றேன். தலையை ஆட்டினாள். நம்பின பிள்ளையின் தலையாட்டல் அப்படி இராது.

'நல்ல கட்டுரை' என்று தேறியவற்றை மட்டும் எடுத்து, பள்ளிக்கூடங்களுக்குக் கொடுக்கும் கைக்கணினிகளில் ஏற்றுகிறீர்களாம். அவளுடைய பள்ளிக்கூடத்துக்கும் அது வருகிறது. நான் வாயால் சொன்னால் புளுகு. கணினியில் இருந்தால் அவள் நம்புவாள், வகுப்பும் வாயை மூடும். என் பெயர் அதில் வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் வேண்டும்.

ஒன்று கேட்கிறேன், நேராகச் சொல்லுங்கள். நீங்கள் என்னை நம்புகிறீர்களா, இல்லையா?

கோகுலன்


கொக்குவில்
2024 செப்டெம்பர் 12

கோகுலன் அவர்களுக்கு,

நான் நம்பினால் என்ன, நம்பாவிட்டால் என்ன? என் நம்பிக்கை சான்று ஆகாது.

போன மாதம் ஒருவர், தங்கள் பாட்டனார் ஒரே பகலில் தனியாளாகக் கிணறு வெட்டி, பொழுதுபட அதில் குளித்தார் என்று எழுதினார். கேட்டால் "எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்" என்றார். உங்களுக்குக் கதவைத் திறந்தால் அவருக்கும் திறக்க வேண்டும். பிறகு பொதுக்கேணியில் தண்ணீர் இராது, பாட்டன்மார்தான் இருப்பார்கள். நான் கல்நெஞ்சுக்காரி இல்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கும் ஒரு பட்டம் இருந்தது. அதை உங்களுக்குச் சொல்வதாக இல்லை.

கைக்கணினிக்கான பட்டியல் நவம்பர் முதல் வாரத்தில் மூடும். அதற்குள் கட்டுரை சான்றோடு திருந்தினால் மறுபடி பார்க்கலாம். அந்த வாக்கியம் மட்டும் திரும்பி வராது.

தயாளினி


கொக்குவில்
2024 செப்டெம்பர் 23

கோகுலன் அவர்களுக்கு,

இது என்ன கூத்து?

வெள்ளி தொடங்கி ஞாயிறு வரைக்கும் நாற்பதுக்கு மேல் புதுப் பயனர்கள். வல்வெட்டித்துறை, ஸ்காபரோ, ஈஸ்ட்ஹாம், ஒஸ்லோ. எல்லோரும் உங்கள் கட்டுரையின் பேச்சுப் பக்கத்துக்கு வந்து வரிசையில் நிற்கிறார்கள். ஒருவர் 'நல்ல கட்டுரை' என்று முன்மொழிகிறார். அடுத்தவர் வழிமொழிகிறார். "எங்கள் மருமகனின் கட்டுரை அமோக வெற்றி பெற வாழ்த்துகள்" என்று ஓர் அம்மா. அவர்களில் கட்டுரையைத் திறந்து பார்த்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன்.

பொதுக்கூட்டத்துக்கு முதல் நாள் சந்தா கட்டிப் புது அங்கத்தவர்களைச் சேர்த்து, விடிந்ததும் கோயில் நிர்வாகத்தைப் பிடிக்கிற வேலையை இங்கே கொண்டுவந்து காட்டியிருக்கிறீர்கள். இங்கே கையுயர்த்தித் தரம் கொடுப்பதில்லை. அத்தனை கணக்குகளும் முடக்கப்பட்டுவிட்டன. உங்கள் கட்டுரையின் தரப்படுத்தலும் நிறுத்தப்பட்டிருக்கிறது. இன்னொரு தடவை இப்படி நடந்தால் இந்த ஆண்டுப் பட்டியலில் அதற்கு இடமே இல்லை.

எனக்கு உண்மையில் கவலையாக இருக்கிறது. நல்ல ஒரு கட்டுரையை உங்கள் ஆட்களே குழியில் இறக்கிவிட்டார்கள்.

தயாளினி


சிங்கப்பூர்த் துறைமுகம்
2024 செப்டெம்பர் 27

தயாளினி அவர்களுக்கு,

சத்தியமாக எனக்குத் தெரியாது. துறைமுகத்துக்கு வந்து பிரசாந்திக்கு அழைப்பு எடுத்த பிறகுதான் விளங்கியது. ஏசினேன். "பின்னை என்ன செய்யிறது? தரம் குடுக்கிறதெண்டால் ஆக்கள் கூடித்தானே குடுக்கிறது?" என்று அழுகிறாள்.

இதை ஒழுங்கு செய்தது யார் என்று நினைக்கிறீர்கள்? மச்சான் சயந்தன்! எனக்குப் பட்டம் தெளித்த அதே ஆள். அவன் கோயில் நிர்வாகச் செயலாளர், அங்கத்தவர் சேர்ப்பதில் விண்ணன். அவனுக்கும் எடுத்தேன். "நீ நம்புறியோ, இல்லையோ?" என்று கேட்டேன். "புளுகோ மெய்யோ, எங்கடை ஆள் தோக்கக் கூடாது மச்சான்" என்கிறான்.

அன்று முழுவதும் வேலையில் மனம் ஓடவில்லை. நாற்பது பேர் எனக்காக வந்து நின்றிருக்கிறார்கள். அதில் ஒருவர்கூட என்னை நம்பவில்லை. நான் சொன்னதை நீங்களும் ஏற்கவில்லைதான். ஆனால் நீங்கள் ஒருத்தர்தான் அதை வாசித்துவிட்டு ஏற்கவில்லை.

என் வாக்கியத்தை விட்டுவிடுங்கள். இனிக் கேட்க மாட்டேன். கட்டுரையை மட்டும் கைவிட வேண்டாம். இன்றிரவே கப்பல் புறப்படுகிறது, என்னால் இங்கிருந்து ஒன்றும் செய்ய முடியாது. மறுபடி பக்கத்தைத் திறக்க இன்னும் மாதங்கள் ஆகும். இதை ஒரு தகப்பனாகக் கேட்கிறேன்.

கோகுலன்


கொக்குவில்
2024 ஒக்டோபர் 6

கோகுலன் அண்ணைக்கு,

அண்ணை என்று எழுதிவிட்டேன், பரவாயில்லை.

உங்கள் கடிதம் கண்டபின், கட்டுரையில் மிச்சம் என்ன தேறும் என்று பார்க்க உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் வெட்டுகிற எண்ணத்தோடுதான் உட்கார்ந்தேன். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அச்சில் ஆதாரம் தேடத் தொடங்கி ஒரு கிழமைக்கு மேலாக எழும்பவில்லை. கடையில் ஒருவருக்கு இடது கண்ணாடியை வலது பக்கம் பூட்டிக் கொடுத்துவிட்டேன்.

உங்களுக்குத் தெரியுமா அண்ணை? மாலைதீவில் தும்பி முட்டை இட்டுப் பெருகுவதற்கு நன்னீர்க் குட்டைகளே இல்லையென்று சொல்லலாம். ஆனாலும் ஒவ்வோர் ஒக்டோபரிலும் அங்கே வானம் நிறையத் தும்பிகள் வருகின்றன. எங்கிருந்து வருகின்றன என்று ஒருவர் ஆண்டுக்கணக்காகப் பார்த்துக் குறித்து, அவை கடலைக் கடந்துதான் வரவேண்டும் என்று எழுதியிருக்கிறார். வடகீழ்க் காற்றில் ஏறி, மாலைதீவில் இளைப்பாறி, ஆபிரிக்கா வரைக்கும். அங்கே மழைக் குட்டையில் முட்டை இட்டு அவை முடிந்துபோகும். பிறந்த பிள்ளைகள் அடுத்த மழையைத் தேடிப் போகும். அவற்றின் பிள்ளைகள் தென்மேற்குக் காற்றில் ஏறித் திரும்பும். புறப்பட்டது எதுவும் வீடு வருவதில்லை. வருவது பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள். ஒருவரும் அவற்றுக்கு வழி சொல்லிக் கொடுக்கவில்லை!

அதைவிட ஒன்று. தும்பியின் சிறகைச் சோதித்தால் அது எந்தப் பக்கத்து மழைநீரில் வளர்ந்தது என்று ஓரளவு சொல்லிவிடலாமாம். மாலைதீவில் பிடித்தவற்றின் சிறகில் வட இந்தியாவின் தண்ணீர் இருந்திருக்கிறது. இதை வாசித்தபோது எனக்கு மேல் புல்லரித்தது. ஒரு கிராம்கூட நிறை இல்லாத பூச்சி. நேற்று ஸ்ரேசனடியில் றெயில்வே கேற் மூடியிருந்த நேரம், தண்டவாளத்துக்கு மேலே நாலைந்து மஞ்சள் தும்பிகள் சுற்றின. கேற் திறந்தும் நான் சைக்கிளை எடுக்கவில்லை. பின்னால் நின்றவர் மணி அடித்தார்.

இந்த ஆதாரங்களைக் கட்டுரையில் சேர்த்துவிட்டேன். சேர்த்ததால் இனி நான் அதற்குத் தரம் இட முடியாது. எழுதியவர் தன் எழுத்துக்குத் தரம் இடக்கூடாது என்பது எங்கள் முதல் விதி. நிறுத்திய தரப்படுத்தலை மறுபடி திறந்தாயிற்று, வேறு ஒருவர் பார்ப்பார்.

நீங்கள் அன்று கண்டதை எனக்கு முழுதாக எழுதுங்கள். கட்டுரைக்காக இல்லை. எனக்குத் தெரிய வேண்டும்.

தயாளினி


இந்து சமுத்திரம்
2024 ஒக்டோபர் 15

தங்கச்சி தயாளினிக்கு,

இரண்டு தடவை எழுதி அழித்துவிட்டேன். பந்தியில் சொன்ன மாதிரிச் சொல்லக் கூடாது என்று பார்க்கிறேன். அங்கே கொஞ்சம் காரம் கூட்டித்தான் சொன்னேன், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மொம்பாசாவுக்குப் போய்க்கொண்டிருந்தோம். இயந்திர அறையில் என் முறை முடிந்து, எண்ணெய்க் கையோடு மேலே வந்தேன். பொழுது சாய்கிற நேரம். சரக்கறை மூடிகளில் புதிதாக மஞ்சள் பூச்சு அடித்த மாதிரி ஒரு தோற்றம். யார் இந்த நேரம் பெயின்ற் அடித்தது என்று யோசித்துக்கொண்டு கிட்டப் போனேன். பூச்சு அசைந்தது. அத்தனையும் தும்பி. கம்பிகளில், கயிறுகளில், உயிர்காப்புப் படகின் விளிம்பில் எல்லாம் ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாக, எல்லாம் காற்றுக்கு முகம் கொடுத்தபடி. ஒரு சத்தம் இல்லை. நாலு பக்கமும் தண்ணீர். அருகில் இருக்கும் நிலம் கப்பலுக்கே ஒரு நாள் ஓட்டத்துக்கு அப்பால்.

எங்கள் சமையற்காரர் பிலிப்பினோ. அவர் வாளியோடு வந்தவர், வாளியைக் கீழே வைக்காமலே நின்றார். நாங்கள் இரண்டு பேரும் கதைக்கவில்லை. கதைத்தால் எழும்பிவிடும் என்று பயம். நான் இருபது வருடமாகக் கடலில் போகிறேன். இவ்வளவு பெரிய இரும்பும் இத்தனை எண்ணெயும் இருந்தும் எனக்கு ஒவ்வொரு பயணமும் நெஞ்சில் ஒரு பயம் இருக்கும். அதுகளிடம் சிறகு மட்டும்தான் இருந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது தங்கச்சி. கண்ணீரும் வந்தது.

விடிய வந்து பார்த்தேன். ஒன்றும் இல்லை. செத்த தும்பி இரண்டு கிடந்தது. அதையும் காற்றுக் கொண்டுபோய்விட்டது.

இவ்வளவும்தான் கண்டேன்.

கோகுலன்


கொக்குவில்
2024 நவம்பர் 1

கோகுலன் அண்ணைக்கு,

முதலில், செப்டெம்பரில் நீங்கள் நேராகக் கேட்ட கேள்விக்குப் பதில். நம்புகிறேன். இதைப் பேச்சுப் பக்கத்தில் எழுத மாட்டேன், கேட்டாலும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இனி நீங்கள் பார்க்க முடியாததைச் சொல்கிறேன். கட்டுரைக்கு உதவி வேண்டும் என்று ஓர் அறிவிப்புப் போட்டேன். மட்டக்களப்பில் இருந்து ஒரு மருத்துவ மாணவி சிறகுச் சோதனைப் பத்தியைத் திருத்தி எழுதினார். மலேசியாவில் இருந்து ஒருவர் காற்றுகளின் வரைபடம் வரைந்து போட்டார். நைரோபியில் வேலை செய்யும் ஒரு தமிழர், அங்கே மழை தொடங்கும்போது தும்பி வருவதைப் பற்றிய ஆய்வொன்றைத் தேடித் தந்தார். பெயரே போடாத ஒருவர் வந்து, காற்புள்ளிகளை மட்டும் சரி பார்த்துவிட்டுப் போனார். நன்றி சொல்லத் தேடினேன், ஆள் இல்லை. இவர்களில் ஒருவரை ஒருவர் யாரும் அறியமாட்டார்கள். ஆளுக்கு ஒரு துண்டு தூரம் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். நான் பல காலமாகத் தரம் இடுகிறேன் அண்ணை, குறை கண்டுபிடிக்கிற கண் எனக்கு. இந்தத் தடவை வாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு கெட்ட செய்தியும் சொல்ல வேண்டும். நீங்கள் எழுதிய வாக்கியங்களில் இன்று ஒன்றுகூட முழுதாக இல்லை. தலைப்பு மட்டும் உங்களுடையது.

மட்டக்களப்புக்கும் வல்வெட்டித்துறைக்கும் கொக்குவிலுக்கும் ஒரு சொந்தமும் இல்லாத றொசாந்தி என்பவர் புத்தளத்தில் இருந்து தரம் பார்த்தார். என்னைவிடக் கடுமை. சான்று போதாதென்று மூன்று இடத்தில் திருப்பி அனுப்பினார். நேற்று முடிவு வந்தது: 'நல்ல கட்டுரை'. பட்டியலில் சேர்ந்துவிட்டது.

தயாளினி


அரபிக் கடல்
2024 நவம்பர் 7

தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இயந்திர அறையில் வைத்துச் சத்தமாக வாசித்தேன். தமிழ் தெரியாத பெடியன்களும் கைதட்டினார்கள்.

என் வாக்கியம் ஒன்றும் மிச்சமில்லை என்ற இடத்தில் முதலில் நெஞ்சு இடித்தது, மறைக்கவில்லை. பிறகு தளத்தில் கொஞ்ச நேரம் நின்றேன். நான் தொடங்காவிட்டால் அவர்கள் வந்திருக்க மாட்டார்கள். அவர்கள் வராவிட்டால் நான் கரை சேர்ந்திருக்க மாட்டேன். எனக்கு இது போதும். இவ்வளவு பேர், ஒரு பூச்சிக்காக! நான் யாருக்கும் ஒரு தேத்தண்ணி கூட வாங்கிக் கொடுக்கவில்லை.

பிரசாந்தி உங்களை வீட்டுக்கு வரச்சொல்லிக் கேட்கிறாள். ஆட்களைக் கூட்டியதற்கு நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் வாருங்கள். மகள் வாசித்துவிட்டாளா, என்ன சொன்னாள் என்று எனக்குச் சொல்ல வேறு ஆள் இல்லை. பிரசாந்தியிடம் கேட்டால், எனக்குப் பிடித்த மாதிரித்தான் சொல்வாள். நீங்கள் உள்ளதைச் சொல்வீர்கள்.

கோகுலன்


கொக்குவில்
2024 நவம்பர் 18

கோகுலன் அண்ணைக்கு,

உள்ளதைச் சொல்கிறேன்.

நேற்று வல்வெட்டித்துறைக்குப் போனேன். பிரசாந்தி அக்கா மன்னிப்புக் கேட்க வாய் திறக்கவே நான் விடவில்லை, அதற்குப் பதிலாக ஒடியல் கூழ் தந்தார். கைக்கணினி போன கிழமை பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டது. ஆசிரியை அந்தக் கட்டுரையை வகுப்பில் வாசிக்க வைத்தாராம். பட்டம் போகவில்லை அண்ணை, அதை நான் மறைக்கக் கூடாது. புளுகன் மட்டும் உதிர்ந்துவிட்டான். இப்போது 'தும்பியின்ரை மகள்' என்கிறார்களாம். அதற்கு அவள் திரும்பிப் பார்க்கிறாள்.

ஆனால் என்னோடு அதிகம் கதைக்கவில்லை. "கட்டுரை வாசிச்சனீரோ?" என்று கேட்டேன். "ஓம்" என்றாள். "அப்பா கண்டது அதிலை இல்லை" என்றாள். அதை எடுத்தவள் நான்தான் என்று அவளுக்குச் சொன்னேன், ஏன் எடுத்தேன் என்றும் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு எழும்பிப் போய்விட்டாள்.

பின்னேரம் எல்லோரும் கடற்கரைக்குப் போனோம். உங்கள் மச்சான் சயந்தனும் வந்தார். என்னைக் கண்டு வெட்கப்பட்டுக்கொண்டு, ஒரு படகின் மறுபக்கத்தில் நின்றார். மழை விட்டு, வாடைக் காற்று கடலில் இருந்து முகத்தில் அடித்தது. லவீனாதான் முதலில் கையை நீட்டினாள். அலைக்கு மேலே, முழங்கால் உயரத்தில், ஒரு தும்பி கடல் பக்கமிருந்து வந்தது. அதற்குப் பின்னால் இரண்டு. பிறகு எண்ண முடியவில்லை. அண்ணை, கடல் முழுக்க வந்துகொண்டிருந்தது. எங்களைக் கண்டு விலகவும் இல்லை. எங்கள் தலைக்கு மேலாலும் இடைவெளியாலும் வந்து, படகுக் கயிற்றில், காயவிட்ட வலையில், பிரசாந்தி அக்காவின் தோளில் இறங்கின. சிறகில் உப்பு மினுங்கியது. நான் அழுதேன், அதை ஒருவரும் பார்க்கவில்லை. எல்லோரும் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

சயந்தன் அண்ணை கிட்ட வந்தார். "தங்கச்சி, உதுகள் அங்காலை இந்தியாவிலை இருந்தோ வருகுது?" என்று என்னைக் கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள் லவீனா சொன்னாள்: "அது தெரியாது மாமா. எங்கடை கடலைப் பற்றி ஒருத்தரும் இன்னும் ஆராய்ஞ்சு எழுதேல்லை."

"அப்ப உன்ரை அப்பா கப்பலிலை கண்டதெண்டு சொன்னது?"

அவள் வலையில் இருந்த தும்பியில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதைக் கட்டுரையிலை போடேலாது மாமா" என்றாள். "ஆனா அப்பா கண்டவர்."

தயாளினி